கறியில்லா மாவட்டம்

குருபரப்பள்ளி ஆஞ்சப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அரசாங்கத்தோடு பெரிய பேச்சுவார்த்தை எதுவும் இருந்ததில்லை. ரேஷன் கார்டு வைத்திருந்தார். ஓட்டுப் போட்டார். ஆட்டுக்கு ஊசி போட வருகிற டாக்டருக்கு வணக்கம் வைத்தார். அத்தோடு சரி. அரசாங்கமும் தன் பாட்டுக்கு இருந்தது. அப்படியே இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அதாவது கறிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டுகிற நாளில், அவர் கடைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அனுப்பியவர்: நிலக்கறி விடைபெறுதல் மற்றும் பசுமை வரவேற்பு இயக்ககம், மாவட்டப் பிரிவு, ஓசூர். நாட்டில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுப்பதை நிறுத்தி, வெயிலுக்கும் காற்றுக்கும் மாறுவதற்காகப் புதிதாகத் தொடங்கப்பட்ட இயக்ககம் அது. நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. தபாலில் இப்படி இருந்தது:

"தங்கள் கறிக்கடையில் நடைபெற்று வரும் கறிப் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்து, எதிர்வரும் மார்ச் 31 காலை ஆறு மணிக்குள் முற்றிலும் நிறுத்தி, சூரியன், காற்று ஆகிய புதுப்பிக்கத்தக்க வளங்களுக்கு மாறிக்கொள்ளுமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது. தவறும் பட்சத்தில் கடை பூட்டி முத்திரையிடப்படும்."

ஆஞ்சப்பன் அதை மூன்று முறை படித்தார். பிறகு கடைக்குள் தொங்கிக்கொண்டிருந்த தொடையைப் பார்த்தார். அப்புறம் வெளியே வந்து சூரியனைப் பார்த்தார். வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியரோடு வந்த மனைவி நாகம்மா, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"சூரியன எப்பிடிங்க கிலோ போடறது?"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கரி, கறி என்று இரண்டு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். நம் பக்கத்தில் யாரும் நாக்கை மடித்து வித்தியாசம் காட்டிக்கொண்டிருப்பதில்லை. எழுதும்போதுதான் சங்கடம். சின்ன ர போட்டால் அது அடுப்புக்குக் கீழே இருக்கும், பெரிய ற போட்டால் அடுப்புக்கு மேலே இருக்கும். இயக்ககம் பெரிய ற போட்டுவிட்டது.

மாவட்டத்தில் கறி விற்கிறவர் ஆஞ்சப்பன் ஒருவர்தானா என்று கேட்பீர்கள். விற்கிறவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். ஆனால் அவர்களெல்லாம் உரிமத்தில் மட்டன் ஸ்டால், இறைச்சி நிலையம், புரோட்டீன் சென்டர் என்று போட்டுக்கொண்டவர்கள். "கறிக்கடை" என்று பச்சைத் தமிழில் பதிந்திருந்தவர் ஆஞ்சப்பனின் அப்பா மட்டும்தான். கம்ப்யூட்டரில் "கறி" என்று தட்டித் தேடியபோது மாவட்டம் முழுக்க இந்த ஒரு கடைதான் வந்து நின்றது.

எதிர்க்கடைக்காரர் சுடலைமுத்துவுக்குத் தபால் வரவில்லை. அவர் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்து, அது சரிப்படாமல் குருபரப்பள்ளியில் கரி மூட்டை வியாபாரம் தொடங்கியவர். இஸ்திரிக்காரர்கள், தாபாக்கள், நாலைந்து வார்ப்புப் பட்டறைகள் அவருக்கு வாடிக்கை. தலைமுதல் கால்வரை கருப்பாகத்தான் கடையில் உட்கார்ந்திருப்பார், சிரித்தால் பல் மட்டும் தெரியும்.

"கரிய விக்கவன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். கறிய விக்க உங்களுக்கு நோட்டீஸா? சூரியன் எனக்குல்லா அண்ணாச்சி வரணும்" என்றார் சுடலைமுத்து. அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஆஞ்சப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்த்தது அந்தத் தேதியை. இந்த வருஷம் மார்ச் 30 யுகாதி. எங்கள் பக்கத்தில் யுகாதியன்று வீடு முழுக்க ஒப்பட்டு என்கிற போளி. மறுநாள் ஹொசதொடகு, புது வருஷத்தின் முதல் கறி விருந்து. அன்றைக்குக் கறிக்குழம்பு கொதிக்காத வீடு என்றால் பக்கத்து வீட்டார் வந்து உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். தெலுங்கு பேசுகிறவன், கன்னடம் பேசுகிறவன், தமிழ் பேசுகிறவன் எல்லாரும் விடியற்காலையிலேயே தூக்குப் பாத்திரத்தோடு ஒரே வரிசையில் நிற்கும் நாள் அது. ஹொசதொடகுக்கு எந்தக் கடையில் கறி எடுத்தார்களோ, வருஷம் முழுக்க அந்தக் கடைதான் என்பது ஊர் வழக்கம். அந்த ஒரு காலையில் கடை பூட்டிக் கிடந்தால் அந்த வருஷமே போயிற்று. ஆஞ்சப்பன் ஏற்கெனவே பாரூர்ப் பக்கத்துப் பட்டிகளில் சுற்றி இருபத்தெட்டு ஆடுகளைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கட்டியிருந்தார். அவை நோட்டீஸைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தன. தெரிந்திருந்தால் இயக்ககத்துக்குக் கோயில் கட்டியிருக்கும்.

மறுநாளே ஓசூருக்குப் பஸ் ஏறினார். மாவட்டப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. "மின்சாரம் சேமிக்கும் பொருட்டு லிப்ட் நிறுத்தப்பட்டுள்ளது" என்று லிப்டின் மேல் ஒரு மின்விளக்குப் பலகை விட்டு விட்டு எரிந்தது. மாடி ஏறி மூச்சு வாங்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஊட்டி. மாவட்ட மாற்ற அலுவலர் ராஜேஷ்குமார் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் பின்னால் புவி வெப்பமாதல் பற்றிய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே டீசல் ஜெனரேட்டர் ஓடியது. அதற்குப் பச்சை வண்ணம் அடித்து, வேப்பிலை வரைந்து, "பசுமை ஜெனரேட்டர்" என்று எழுதியிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் இருந்த சுகுணா என்ற பெண்தான் முதலில் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. "அண்ணா, நீங்க ஆட்டுக்கறி விக்கறீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். ஆமாம் என்றதும் தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். முதல் வரைவில் தான் சின்ன ர போட்டுத்தான் அடித்ததாகவும், அது தொழிலதிபர்கள் சங்கக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது பெரிய ற ஆகியிருந்ததாகவும், கேட்டதற்கு அப்படியே இருக்கட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதாகவும் கிசுகிசுத்தாள்.

ஆஞ்சப்பன் நேரே ராஜேஷ்குமாரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். தன் கடையில் இருப்பது எரிக்கிற சரக்கு இல்லை, தின்கிற சரக்கு. ஒரு எழுத்து மாறிப்போச்சு சார், அவ்வளவுதான்.

ராஜேஷ்குமார் பொறுமையாகக் கேட்டார். பொறுமைக்காகவே மாநில விருது வாங்கியவர் அவர்.

"பாருங்க ஆஞ்சப்பன். அது பிழை இல்ல, கொள்கை முடிவு. சின்ன ர இடையினம். இடையினம்னா நடுவுல நிக்கறதுன்னு அர்த்தம். ஒரு அரசாங்கம் நடுவுல நிக்கலாமா? ஆணைன்னா வல்லினத்துல இருக்கணும். படிக்கறப்பவே ஒரு பயம் வரணும். உங்களுக்கு வந்துச்சா இல்லியா?"

வந்தது என்று ஆஞ்சப்பன் ஒப்புக்கொண்டார்.

"வந்துச்சில்ல, அதான் நிர்வாகம்" என்றார் ராஜேஷ்குமார். பிறகு நடைமுறையை விளக்கினார். பிழை என்று ஒப்புக்கொண்டால் பிழைதிருத்தக் குழு கூட வேண்டும். அது வருஷத்துக்கு இரண்டு முறைதான் கூடும். போன முறை கூடியபோது குழுவின் பெயரிலேயே பிழை இருந்ததால் அதைத் திருத்துவதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது. அடுத்த கூட்டம் ஜூனில். அதுவுமில்லாமல் மாவட்டத்துக்கு இந்த நிதியாண்டு இலக்கு என்று ஒன்று இருக்கிறது.

"நானூத்திப் பன்னெண்டு தொழிற்சாலைக்கு லெட்டர் போட்டேன், உங்ககிட்ட நிலக்கறி இருக்கான்னு. எல்லாருமே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. புகை போக்கி வச்சிருக்கறவங்ககூட இல்லைன்னுதான் சொல்றாங்க. படிச்சவங்க, பொய் சொல்லுவாங்களா? மாவட்டத்துல பாக்கி நீங்க ஒருத்தர்தான். நீங்களும் மாறிட்டா நூறு சதவீதம்."

இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கண் லேசாகக் கலங்கியது. ஆஞ்சப்பனுக்கே பாவமாகப் போய்விட்டது. அவர் நீட்டிய ஏழாம் எண் மாற்றப் படிவத்தை வாங்கிக்கொண்டு மாடி இறங்கினார்.

அந்தப் படிவம் பதினொரு பக்கம். கடைத் திண்டில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நாகம்மா எழுதினாள். பத்தாவது வரை படித்தவள், எதையும் காலியாக விடக் கூடாது என்று நினைக்கிறவள். கறி உள்நாட்டுச் சரக்கா, இறக்குமதியா? நாட்டு ஆடு. எந்தச் சுரங்கத்திலிருந்து பெறப்படுகிறது? பாரூர் ஏரிக்கரை. சுரங்கம் திறந்தவெளியா, நிலத்தடியா? திறந்தவெளி, மழை வந்தால் கொட்டகை. எரித்தபின் மிஞ்சும் கழிவு? எலும்பு, நாய் தின்றுவிடும். கையிருப்பு குறைந்தால் மீண்டும் உருவாக எத்தனை கோடி ஆண்டுகள் ஆகும்? இந்தக் கேள்விக்கு நாகம்மா கொஞ்சம் யோசித்து "அஞ்சு மாசம்" என்று எழுதினாள்.

அந்த வாரமே கள ஆய்வாளர் பிரதாப் ஜீப்பில் வந்து இறங்கினார். சின்ன வயது, புது வேலை, எல்லாவற்றையும் அளந்துவிட வேண்டும் என்ற ஆசை. புகை அளக்கும் கருவியை முதலில் கடைக்குள் பிடித்தார். முள் அசையவில்லை. பின்பக்கம் போய் ஆடுகளின் நடுவில் பிடித்தார். ஒரு கிடா அந்த நேரம் பார்த்து வயிற்றைத் தளர்த்தியது. முள் எகிறி மறுபக்கம் போய் முட்டிக்கொண்டது. பிரதாபின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஆடு படிவத்தின் எட்டாம் பக்கத்தை இழுத்துத் தின்றது. நேர்மையானவர் என்பதால் அதையும் குறித்தார்: "எட்டாம் பக்கம், எரிபொருளால் உட்கொள்ளப்பட்டது."

ஐந்து மாதம் என்ற பதிலைக் காட்டி, ஆடு குட்டி போடுவதால் இது புதுப்பிக்கத்தக்க வளம்தானே, இதற்கு ஏன் மாற வேண்டும் என்று சுகுணா ஒரு குறிப்பு எழுதி அனுப்பினாள். ராஜேஷ்குமார் அதை ஒரு நாள் முழுக்கப் பரிசீலித்தார். புதுப்பிக்கத்தக்கது என்று ஒப்புக்கொண்டால் மாற்ற வேண்டிய ஆளே இல்லாமல் போய்விடுகிறார், இலக்கு பாதிக்கப்படும், ஆகவே ஆடுகள் குட்டி போடுவது நிர்வாகக் காரணங்களால் ஏற்கப்படவில்லை என்று கோப்பில் எழுதி மூடினார்.

மார்ச் நடுவில் மறுதிறன் பயிற்சி. கறியை இழக்கும் தொழிலாளர்களைக் காற்றாலைப் பணியாளர்களாக மாற்றுவதற்கு ஓசூரில் ஒரு பெரிய ஹோட்டலில் மூன்று நாள் முகாம். பயிற்சி கொடுக்கப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பயிற்சி பெற ஆஞ்சப்பன் ஒருவர். ஓசூரில் காற்றாலை கிடையாது. அதனால் ஹாலின் நடுவே மேஜை போட்டு, அதன்மேல் ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருந்தார்கள். ஆஞ்சப்பன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஸ்டூல் வரைக்கும் ஏறி, ஃபேனைத் துடைத்துவிட்டு இறங்க வேண்டும். கீழே இருந்து பதினான்கு பேர் கைதட்டினார்கள். இரண்டாவது நாள் ஃபேன் ஓடும்போது துடைக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். கத்தியோடு முப்பது வருஷம் இருந்தவருக்குச் சுற்றுகிற இரும்பின்மேல் ஒரு மரியாதை இருந்தது.

மதியம் சாப்பாடு மட்டன் பிரியாணி. அந்த ஹோட்டலுக்குக் கறி போடுவது ஆஞ்சப்பன்தான், அது ஹோட்டல்காரருக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ராஜேஷ்குமார் மூன்றாவது முறை தட்டை நீட்டிக்கொண்டே, பழக்கத்தை ஒரே நாளில் விட முடியாது, எதையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று இயக்ககத்தின் கொள்கையை விளக்கினார். நல்ல கறி, இளசு, எங்கே வாங்குகிறார்களோ தெரியவில்லை என்றும் சொன்னார். ஆஞ்சப்பன் தலை குனிந்து தயிர்ப் பச்சடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் என்ன செய்வான்?

மார்ச் 28 அன்று விழா. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் பந்தல் போட்டார்கள். சென்னையிலிருந்து இயக்குநர் ஏழு கார்களில் வந்தார். ஒரு காரில் அவர் இருந்தார், மற்ற ஆறிலும் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. மேடை மேல் சூரியத் தகடு பளபளத்தது. அதிலிருந்து ஒயர் எதுவும் வரவில்லை, பந்தலுக்குப் பின்னால் பசுமை ஜெனரேட்டர்தான் உறுமிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை மீறி இயக்குநர் பேசினார்.

"நிலக்கரியை ஒழிப்பது கடினம் என்றார்கள். அணு அணுவாக ஆராய்ந்தோம். கடினமாக இருப்பது நிலக்கரிதான், ஒழிப்பது அல்ல என்று கண்டுபிடித்தோம். எதை ஒழிக்க முடிகிறதோ அதை முதலில் ஒழிப்போம் என்று முடிவெடுத்தோம். இன்று இம்மாவட்டம், இந்தியாவிலேயே முதல் கறியில்லா மாவட்டம்."

தொழிலதிபர்கள் சங்கத்துத் தலைவர் மேடை ஏறி, ஆணையைத் தாங்கள் எழுத்துக்கு எழுத்து மதிப்பதாகவும், தங்கள் கொதிகலன்களில் ஒரு துண்டு கறிகூட இன்றுவரை எரிந்ததில்லை என்றும், இனியும் எரியாது என்றும் உறுதி சொல்லி, இயக்குநருக்கு மலை அளவு மாலை போட்டார். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. கூட்டத்தில் நின்ற சுடலைமுத்துவும் தட்டினார். அன்று காலைதான் அந்தத் தலைவரின் பட்டறைக்கு அவர் நாற்பது மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்தார்.

ஆஞ்சப்பனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட பயிற்சிச் சான்றிதழும், ஒரு சோலார் விளக்கும் கொடுத்தார்கள். விளக்கோடு வந்த தாளில், உபயோகிக்கும் முன் எட்டு மணி நேரம் கரண்டில் சார்ஜ் செய்யவும் என்று இருந்தது. கிளம்பும் முன் இயக்குநர் சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய பலகையைத் திறந்து வைத்தார்: "கறியில்லா மாவட்டம் தங்களை அன்புடன் வரவேற்கிறது." பெங்களூரிலிருந்து வந்த இரண்டு சுற்றுலா பஸ்கள் அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டன.

யுகாதி வந்தது. நாகம்மா ஒப்பட்டு சுட்டாள். ஆஞ்சப்பன் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு மெல்லாமலே உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் இருபத்தெட்டு ஆடுகளும் கத்தின. காலையிலிருந்து வாடிக்கைக்காரர்கள் வாசலில் வந்து, நாளைக்குக் கடை உண்டா இல்லையா, இல்லை என்றால் இப்பவே சொல்லிவிடு, இப்படிப் பலகை வைத்த மாவட்டத்தில் வேறு கடையையும் நம்ப முடியாது, அத்திப்பள்ளிக்குப் போய்க் கறி எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாநில எல்லையைத் தாண்டி, கர்நாடகத்துக்காரன் கடையில்! அப்பா காலத்திலிருந்து வந்த வாடிக்கை அது. ஆஞ்சப்பனுக்கு அழுதுவிடலாம் போல இருந்தது, ஆனால் நல்ல நாளில் அழக் கூடாது என்று நாகம்மா சொல்லியிருந்தாள்.

"எல்லாம் உங்கப்பாவால வந்தது. எல்லாரையும் மாதிரி மட்டன் ஸ்டால்னு வச்சிருக்கலாமில்ல" என்றாள் நாகம்மா. பேச்சை மாற்றுவதற்காக அந்தச் சான்றிதழை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போனவள், சட்டென்று நின்று, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"ஏங்க, இதுல உங்கள என்னான்னு போட்டுகினு இருக்கறாங்க பாருங்க."

"திரு. ஆஞ்சப்பன், கரிக்கடை உரிமையாளர்" என்று இருந்தது. சின்ன ர. அச்சகத்துக்காரர் யாரோ, அரசாங்கம் பிழையாக எழுதிக் கொடுத்திருக்கிறதே என்று இரக்கப்பட்டுத் திருத்தி அடித்திருக்கிறார். கீழே ராஜேஷ்குமாரின் கையெழுத்தும், இயக்குநரின் கையெழுத்தும், உருண்டையான அரசு முத்திரையும் இருந்தன.

ஆஞ்சப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் கிடந்த ஒப்பட்டை அப்போதுதான் மென்று விழுங்கினார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, போர்டு எழுதுகிற திம்மராயன் வீட்டுக்கு நடந்தார். பண்டிகை நாளில் பிரஷ்ஷைத் தொட மாட்டேன் என்று திம்மராயன் முரண்டு பிடித்தார். ஒரே ஒரு எழுத்துதான், அதுவும் பெரிசைச் சின்னது ஆக்குகிற வேலை என்று சொல்லி, நாளைக்கு ஈரல் தனியாக எடுத்து வைப்பதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏணியை எடுத்தார்.

ஹொசதொடகு காலை ஐந்தரைக்கு வரிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் போயிருந்தது. ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜீப் வந்தது. பிரதாப் பூட்டு, அரக்கு, மெழுகுவர்த்தி, சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு நோட்டு எல்லாவற்றோடும் இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. கடை வாசலில் நின்று, ஆணையில் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படித்தார். நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். மறுபடி ஆணையைப் பார்த்தார். "ஆஞ்சப்பன் கரிக்கடை" என்று பெயிண்ட் இன்னும் காயாமல் மினுங்கியது. ஆஞ்சப்பன் சான்றிதழை எடுத்து நீட்டினார். பிரதாப் ராஜேஷ்குமாருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

உள்ளே தொங்குவது ஆடுதான் என்று பிரதாப் சொல்லிப் பார்த்தார்.

"உள்ள தொங்கறத ஏன்யா பாக்கற?" என்றது போன். "நம்ம வேலை எழுத்தப் பாக்கறது. ஆணையில என்ன எழுத்து?"

"பெரிய ற சார்."

"போர்டுல?"

"சின்ன ர சார். நம்ம சான்றிதழ்லயும் சின்ன ர."

பிறகு ராஜேஷ்குமார் தீர்ப்பைச் சொன்னார். கறிக்கடை என்று ஒன்று அந்த இடத்தில் இல்லை. ஆகவே அது மூடப்பட்டுவிட்டது. ஆகவே இலக்கு எட்டப்பட்டது. கரிக்கடைகள் இயக்ககத்தின் வரம்புக்குள் வருவதில்லை. "நூறு சதவீதம்னு எழுதிக்கோ" என்றவர், குரலைத் தாழ்த்தினார், ஸ்பீக்கரில் இருப்பது அவருக்குத் தெரியாது. "அப்பிடியே ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துரு. நெஞ்செலும்பு கொஞ்சம் கூடப் போடச் சொல்லு."

பிரதாப் பூட்டையும் அரக்கையும் ஜீப்பில் போட்டுவிட்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அந்த வருஷம் போல வியாபாரம் ஆஞ்சப்பன் பார்த்ததில்லை. பத்து மணிக்கெல்லாம் கொக்கி காலி. திம்மராயனுக்கு ஈரல் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை ஆஞ்சப்பன் நாகம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார், படிப்படியாகக் குறைக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இயக்ககத்துக்கு நிதி கொடுக்க வேண்டிய வெளிநாட்டு வங்கி ஒன்று, சாதனை அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டது. மொழிபெயர்த்தவர் சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்கிற ஆள். நிலம் என்றால் கிரவுண்ட், கறி என்றால் மீட் என்று நிலக்கறியைப் பிரித்து "கிரவுண்ட் மீட்" என்று போட்டார். ஆங்கிலத்தில் அதற்குக் கொத்துக்கறி என்று அர்த்தமாம். ஒரு மாவட்டத்தில் கொத்துக்கறியை நிறுத்துவதற்கு நாங்கள் ஏன் நிதி தர வேண்டும், அதனால் பூமியின் சூடு எப்படிக் குறையும் என்று வங்கி கேட்டு எழுதியது. சென்னை ஆடிப்போயிற்று. பிழைதிருத்தக் குழு வரலாற்றிலேயே முதல் முறையாக முன்கூட்டியே, மே மாதமே கூடியது.

அடுத்த வாரம் பிரதாப் ஜீப்பில் வந்து இறங்கினார். அதே பூட்டு, அதே அரக்கு. கையில் புதிய ஆணை. முந்தைய ஆணையில் கறி என்று வரும் இடங்களிலெல்லாம் கரி என்று திருத்தி வாசிக்கவும், மாவட்டத்திலுள்ள கரிக்கடைகள் அனைத்தும் உடனடியாக மூடப்படும் என்று அதில் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தொழிற்சாலைகளுக்கும் மறுபடி கடிதம் போனதாகவும், தங்களிடம் கரி என்று எதுவும் இல்லை, இருப்பது இங்கிலீஷில் "கோல்" என்கிறார்களே அது மட்டும்தான் என்று எல்லாரும் உடனே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் பிரதாப் சொன்னார்.

"மாவட்டம் முழுக்கத் தேடிட்டோம்ணா. கரிக்கடைன்னு போர்டு வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

ஒருவர்தானா, எதிரே சுடலைமுத்து இருக்கிறாரே என்று ஆஞ்சப்பன் நிமிர்ந்து சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே ஏணி சாத்தியிருந்தது. ஏணிமேல் திம்மராயன் நின்றுகொண்டு "சுடலைமுத்து கறிக்கடை" என்று பெரிய ற-வின் கடைசி வளைவை இழுத்துக்கொண்டிருந்தார். கீழே சுடலைமுத்து தலைமுதல் கால்வரை கருப்பாக, பல்லை மட்டும் காட்டிக்கொண்டு நின்றார்.

"பேப்பர்ல காலையிலேயே போட்டிருந்தான் அண்ணாச்சி, நீங்க பாக்கலியா?" என்றார்.

திம்மராயன் ஏணியிலிருந்தே திரும்பி, "அடுத்து உங்களுக்குத்தானுங்களே? ஈரல் இருக்குதா?" என்று கேட்டார். ஆஞ்சப்பன் பிரதாபை ஒரு பத்து நிமிஷம் உட்காரச் சொல்லி டீ வரவழைத்துவிட்டு, பழைய பெயிண்ட் டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனார்.